பூசணக் கடலையும் ஓர் ஆக்சிஜன் அணுவும்

நிலக்கடலையை உடைத்துப் பொறுக்கும்போது நல்ல பருப்பு ஒரு பக்கம் போகிறது. சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பூசணம் பிடித்தது எல்லாம் இன்னொரு பக்கம் சேருகிறது. இந்த இரண்டாவது குவியலை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அது செக்குக்குப் போகிறது. எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்காகி மாட்டுத் தொட்டிக்கு வருகிறது. "மனுஷன் தின்னாத்தானே கெடுதல், மாடு தின்னா என்னங்க?" என்று கிராமக் கூட்டங்களில் என்னிடம் பலரும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விதைத்து, களையெடுத்து, கூலி கொடுத்து எடுத்த பொருளை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தப் பிண்ணாக்கு மாட்டோடு நின்றுவிடுவதில்லை. பாலோடு சேர்ந்து வீட்டுக்குள் திரும்பி வருகிறது.

அது எப்படி வருகிறது, வந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதை விளக்கக் கொஞ்சம் வேதியியல் பேச வேண்டியிருக்கிறது. பேர்கள்தான் வாயில் நுழையாதவை. விஷயம் நம் வீட்டில் இருக்கும் அரால்டைட் பசையை வைத்தே விளங்கக்கூடியது.

வான்கோழி காட்டிக்கொடுத்த நஞ்சு

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. தொற்றுநோய் என்று எண்ணிக் கிருமியைத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் தேடல், தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. அது பிரேசில் நாட்டிலிருந்து வந்த பிண்ணாக்கு. அதில் 'அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூசணம் வளர்ந்து ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வந்தது. புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்வதை பி என்றும், பச்சையாக ஒளிர்வதை ஜி என்றும் பிரித்தார்கள். இவற்றில் மிகப் பொல்லாதது பி-1.

நம் நாட்டிலும் இது உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. வேறு உணவு இல்லாத ஏழை ஜனங்கள் அதையே சாப்பிட்டார்கள். 397 பேருக்கு ஈரல் கெட்டுக் காமாலை கண்டது. அவர்களில் 106 பேர் இறந்துபோனார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. 2004-இல் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் இதேபோல மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தார்கள்.

இவை அளவு மிஞ்சிப்போனதால் வந்த சாவுகள். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஈரலில் புற்றுநோயாகப் பின்னால்தான் தெரியும். பயிரை அழிக்கும் பூச்சிக்கு நாம் காட்டும் கவனத்தை இந்தப் பூசணத்துக்குக் காட்டாததற்கு இந்தத் தாமதமே காரணம் என்பது என் எண்ணம்.

மூன்று மூலை வளையம்

பூசணம் சுரந்து வைத்த நிலையில் அஃப்ளாடாக்சின் ஒரு குண்டு மாதிரி. திரி பற்ற வைக்கப்படாமல் கிடக்கிறது. திரியைப் பற்ற வைப்பது நமது ஈரலே. ஓர் ஆக்சிஜன் அணுவை, அதாவது பிராணவாயு அணுவை, அதன்மேல் ஏற்றி அந்தக் காரியத்தைச் செய்கிறது. இந்த மாற்றத்துக்கு வேதியியலில் எப்பாக்சைடு ஆக்கம் என்று பெயர்.

எண்ணெய் போன்ற பொருள்களில் கரி அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். சில இடங்களில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கரி அணுக்கள் இரண்டு கைகளாலும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். இது இரட்டைப் பிணைப்பு. ஓர் ஆக்சிஜன் அணு அங்கே வந்தால், அவை ஆளுக்கு ஒரு கையை விட்டு அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இப்போது இரண்டு கரி, ஓர் ஆக்சிஜன் ஆக மூன்றும் அடுப்புக் கற்கள் போல முக்கோணமாக நிற்கும். இதுதான் எப்பாக்சைடு. 1909-இல் ருஷ்ய வேதியியலார் நிக்கலாய் பிரிலெஷாயெவ் என்பவர், ஆக்சிஜன் மிகுந்த ஒருவகை அமிலத்தைக் கொண்டு இதைச் செய்யும் வழியைக் கண்டார். இன்றும் ஆலைகளில் சோயா எண்ணெயை இந்த வழியைச் சேர்ந்த முறையில்தான் மாற்றி, பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கிறார்கள்.

இந்த முக்கோணத்தில் ஒரு சங்கடம் உண்டு. கரி அணுவின் கைகள் இயல்பாக 109 பாகை அளவில் விரிந்து நிற்க விரும்பும். முக்கோணத்தில் அவற்றை 60 பாகைக்கு மடக்கிக் கட்டியிருக்கிறது. பச்சை மூங்கிலை வலிந்து வளைத்துக் கட்டிவைத்தது போன்ற நிலை. கட்டை யாராவது தொட்டால் போதும், தெறித்துக்கொண்டு நிமிரும்.

அரால்டைட் பசை இரண்டு குழாய்களாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பம்புசெட் குழாயில் கசிவு அடைக்க, உடைந்த பொருளை ஒட்ட வாங்கியிருப்பீர்கள். ஒரு குழாயில் இருப்பது இந்த முக்கோண வளையங்கள் கொண்ட பிசின். மற்றதில் இருப்பது நைட்ரஜன் அணு உள்ள கெட்டியாக்கி. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் வெறும் கூழ். சேர்த்துக் கலந்தால் நைட்ரஜன் போய் வளையத்தை உடைத்துப் பிடித்துக்கொள்கிறது. பிறகு சுத்தியால் அடித்தாலும் பிரியாது. இந்தப் பசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரலுக்குள் நடப்பதும் இதே கூத்துதான்.

இலைக்குள்ளும் இது உண்டு

எப்பாக்சைடு என்றாலே கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. வைத்தியத்தில் பயன்படும் காட்டுச் சீரக விதையின் எண்ணெயில் பெரும்பகுதி எப்பாக்சைடு வளையம் உள்ள கொழுப்பு அமிலம்தான். செடி தானே அதைச் செய்துகொள்கிறது.

இன்னும் அதிசயம், உங்கள் வயலில் நிற்கும் ஒவ்வொரு பச்சை இலையிலும் தினமும் இது நடக்கிறது. இலையில் பச்சையத்தோடு மஞ்சள் நிறப்பொருள்களும் உண்டு. வெயில் தணிந்த நேரத்தில் இலை, சியாசாந்தின் என்னும் மஞ்சள் பொருளின்மேல் ஆக்சிஜனை ஏற்றி, இரண்டு எப்பாக்சைடு வளையங்கள் கொண்ட வயலாசாந்தினாக மாற்றி வைத்துக்கொள்கிறது. உச்சி வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வேறொரு நொதி அந்த ஆக்சிஜனைக் கழற்றிவிடுகிறது. அப்போது இலை தனக்குத் தேவைக்கு மிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியே தள்ளித் தப்பித்துக்கொள்கிறது. அதோடு போகவில்லை. வறட்சியில் இலைத் துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் செடி தயாரிப்பதும் இந்த எப்பாக்சைடு மஞ்சளிலிருந்துதான். ஆக, ஆக்சிஜனை ஏற்ற ஒரு நொதி, இறக்க ஒரு நொதி என்று செடி இதைக் கட்டுக்குள் வைத்துக் காரியம் பார்க்கிறது.

வயதில் மூத்த விவசாயிகளுக்கு ஆல்டிரின் தூள் நினைவிருக்கும். கரையானுக்கு மண்ணில் தூவினோம். அந்த ஆல்டிரின், மண்ணில் உள்ள நுண்ணுயிர்களாலும் பூச்சியின் உடம்பிலும் ஆக்சிஜன் ஏற்றப்பட்டு டீல்டிரின் என்ற எப்பாக்சைடாக மாறியது. இந்த வளையம் சீக்கிரம் உடையாத ஜாதி. பூச்சியைக் கொன்றபிறகும் மண்ணிலும், பிராணிகளின் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியது. இந்தியாவில் ஆல்டிரினை 1996-இல் தடை செய்தார்கள். நாம் தூவியது ஒன்று, மண்ணில் தங்கியது இன்னொன்று. போட்ட பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அது போன இடத்தில் என்னவாக மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று விஞ்ஞானிகளுக்குப் பாடம் புகட்டிய மருந்து இது.

ஈரல் செய்யும் காரியம்

உடம்புக்குள் வரும் அந்நியப் பொருள்களில் எண்ணெயில் கரையும் தன்மை உள்ளவற்றை வெளியேற்றுவது கடினம். எனவே ஈரலில் உள்ள சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் கூட்டம் அவற்றின்மேல் ஆக்சிஜனை ஏற்றி, நீரில் கரையும்படி செய்து, சிறுநீரிலும் பித்தத்திலும் கழித்துவிடப் பார்க்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்கிற வேலைதான். பெரும்பாலான பொருள்களில் இது பலிக்கவும் செய்கிறது. அஃப்ளாடாக்சின் பி-1 இல் மட்டும் காரியம் கெட்டுவிடுகிறது. அதன் ஓர் ஓரத்தில் இருக்கும் இரட்டைப் பிணைப்பின்மேல் ஆக்சிஜன் ஏறியதும் மிகவும் முறுக்கேறிய எப்பாக்சைடு உண்டாகிறது. நீரில் இதன் ஆயுள் ஒரு நொடி அளவுதான். அந்த நொடிக்குள் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் பற்றிக்கொள்ளும்.

பக்கத்தில் கிடைப்பது, பரம்பரைக் குணங்களை எழுதிவைத்திருக்கும் டி.என்.ஏ. அதில் குவானின் என்ற பகுதியில் உள்ள ஒரு நைட்ரஜன் அணு வளையத்தை உடைத்து ஒட்டிக்கொள்கிறது. பிசினும் கெட்டியாக்கியும் சேர்ந்த கதைதான். இப்படி ஒட்டுப்போட்ட எழுத்தை, செல் பிரியும்போது தப்பாகப் படித்துப் படியெடுக்கிறது. அந்தப் பிழை சில இடங்களில் விழுந்தால் செல் கட்டுப்பாடில்லாமல் பெருகிப் புற்றாகிறது. இந்த ஒட்டு எந்த இடத்தில் எப்படி விழுகிறது என்பதை 1977-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அந்த எப்பாக்சைடைத் தனியே பிடித்துக் காட்ட மட்டும் 1988 வரை ஆயிற்று. பிரிலெஷாயெவ் முறையில் செய்தால், மிச்சமாகும் அமிலமே அதை உடைத்துவிடும். அமிலம் மிஞ்சாத வேறொரு ஆக்சிஜன் பொருளைக் கொண்டு செய்தபோதுதான் அது கைக்கு அகப்பட்டது.

இரட்டைப் பிணைப்புதான் குற்றவாளி என்பதற்கு இயற்கையே சாட்சி வைத்திருக்கிறது. அதே பூசணம் பி-2 என்ற நஞ்சையும் சுரக்கிறது. பி-1 க்கும் பி-2 க்கும் உள்ள ஒரே வேறுபாடு, அந்த ஓரத்து இரட்டைப் பிணைப்பு பி-2 இல் இல்லை என்பதுதான். ஆக்சிஜன் ஏற இடமில்லாததால் எப்பாக்சைடு உண்டாவதில்லை. பி-2 இன் நஞ்சுத்தன்மை பி-1 ஐவிட மிகக் குறைவு.

உடம்பிலும் ஒரு காவல் உண்டு. குளுடதையோன் என்ற பொருள், தன்னையே கொடுத்து அந்த எப்பாக்சைடைப் பிடித்துச் செயலற்றதாக்கி வெளியேற்றும். சுண்டெலிக்கு இந்தக் காவலுக்கான நொதி மிக வலுவானது. அதனால் அது அஃப்ளாடாக்சினுக்கு அவ்வளவாக அசைவதில்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரனான பெரிய எலி விழுந்துவிடுகிறது. வான்கோழிக்கும் வாத்துக்குஞ்சுக்கும் இந்தக் காவல் மிகப் பலவீனம். 1960-இல் வான்கோழிகள் ஏன் முதலில் விழுந்தன என்பதற்கு இதுவே விடை. ஆகவே "எலி தின்ற கடலைதானே, எலி சாகவில்லையே" என்று கணக்குப் போடக் கூடாது.

மனிதன் நடுவில் இருக்கிறான். அவனுக்கு ஹெபடைட்டிஸ்-பி என்ற காமாலைக் கிருமியும் சேர்ந்துவிட்டால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்று வாய்ப்பு சுமார் 3 மடங்கு, கிருமி மட்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 60 மடங்கு. பிறந்த குழந்தைக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடச் சொல்லும்போது தட்டிக்கழிக்காதீர்கள் என்று விவசாயக் கட்டுரையில் நான் எழுதுவது இதனால்தான்.

தொட்டியிலிருந்து டம்ளருக்கு

இப்போது மாட்டுக்கு வருவோம். மாடு தின்ற பி-1 இல் ஒரு பகுதியின்மேல் மாட்டின் ஈரல், வேறோர் இடத்தில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. அது எம்-1 என்ற பெயரில் பாலில் இறங்குகிறது. எம் என்பது பால் என்ற பொருள்தரும் மில்க் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இது பி-1 அளவு கொடியதல்ல. ஆனால் அந்த ஓரத்து இரட்டைப் பிணைப்பு எம்-1 இலும் அப்படியே இருக்கிறது. பாலைக் குடிக்கும் குழந்தையின் ஈரலில் எப்பாக்சைடு ஆக அதுவே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிண்ணாக்கில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் பி-1 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. நாளுக்கு 2 கிலோ பிண்ணாக்கு வைத்தால் 400 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. பொதுவாக அதில் 100-க்கு 1 முதல் 2 பங்கு பாலுக்கு வரும் என்பது கணக்கு. நிறையக் கறக்கும் மாட்டில் இன்னும் கூடலாம். அப்படியானால் 4 முதல் 8 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு அரை முதல் ஒரு மைக்ரோகிராம். நம் நாட்டில் பாலுக்கு அனுமதித்துள்ள உச்ச அளவே கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்தான். ஐரோப்பிய நாடுகளில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. காய்ச்சினாலும் உறை குத்தினாலும் இந்த நஞ்சு போகாது.

மாட்டுக்கும் நல்லதல்ல. வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும். கன்றுக்குட்டி தாங்காது, தீனி எடுக்காமல் இளைக்கும். கோழி, வாத்து வளர்ப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. பூசணப் பிண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாள்களில் பாலில் எம்-1 பெரும்பாலும் மறைந்துவிடும். சந்தேகமான பிண்ணாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவதைவிடப் பரிசோதித்துவிடலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் ஒரு கை அள்ளாமல், மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். ஏனென்றால் இந்த நஞ்சு சமமாகப் பரவியிருக்காது. ஒரே பருப்பில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற விகிதத்தில்கூட இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அரை கிராம் பருப்பு ஒன்றே 33 கிலோ நல்ல கடலையை, கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்ற நம் நாட்டு வரம்புக்குக் கொண்டுபோய்விடும். கையால் பொறுக்குவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பெண்கள் முறத்தில் போட்டுப் பொறுக்கும் வேலைக்கு எந்த யந்திரமும் இளப்பமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யந்திரம் இல்லாத இடத்தில் அதுவே யந்திரம்.

வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. வேகவைத்தால் அசையவே அசையாது. எண்ணெயில் இந்த நஞ்சு அதிகம் கரைவதில்லை. பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்குகிறது. ஆனால் வடிகட்டாத செக்கெண்ணெயில் துகள்களோடு கொஞ்சம் இறங்கும். கெட்ட பருப்பைக் கொண்டுபோய் வீட்டுக்கு எண்ணெய் ஆட்டுவது, மாட்டுக்கு வைப்பதைப் போலவே தவறான சிக்கனம்.

வயலில் ஆரம்பிக்கிறது

பூசணம் களத்தில்தான் பிடிக்கிறது என்று நினைக்கிறோம். மண்ணிலேயே இருக்கிறது, காய் தரைக்குள் இருக்கும்போதே நுழைகிறது. காயில் ஈரம் போதுமான அளவு இருக்கும்வரை பருப்பு தானே சில எதிர்ப்புப் பொருள்களைச் சுரந்து பூசணத்தைத் தடுத்துக்கொள்ளும். கடைசிக் காலத்தில் மழை தவறி, மண் சூடேறி, பருப்பின் ஈரம் இறங்கினால் அந்த எதிர்ப்பு நின்றுபோகிறது. வறட்சிச் சூட்டையும் குறைந்த ஈரத்தையும் தாங்கும் பூசணமோ அப்போதுதான் கொண்டாட்டமாக வளர்கிறது. அறுவடைக்கு முந்தைய 3 முதல் 6 வாரம்தான் ஆபத்தான காலம். இறவைப் பயிரில் இந்தச் சமயத்தில் ஒரு தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டாம். மானாவாரியில் பண்ணைக் குட்டையிலிருந்தாவது ஒரு உயிர்த் தண்ணீர் கொடுக்க முடிந்தால் விளைச்சலுக்கும் நல்லது, இதற்கும் நல்லது. முடியாதவர்கள், காய்ந்துபோன திட்டுகளில் உள்ள செடிகளையும், வேரழுகிச் செத்த செடிகளையும் தனியாகப் பிடுங்கித் தனியாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

காயின் ஓட்டில் ஓட்டை விழக்கூடாது. விழுது இறங்கிய பிறகு, அதாவது 45 நாளுக்கு மேல், களைக்கொத்தோடு வயலுக்குள் போகாதீர்கள். கரையானும் காய்ப்புழுவும் துளைத்த காயில் பூசணம் நிச்சயம். விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதை, காய் திரட்சிக்கென்று பலர் செய்கிறீர்கள். சுண்ணாம்புச் சத்தால் ஓடு உறுதிப்படுவதால் பூசணத்துக்கும் அது வேலிதான். விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும், தொழுவுரத்தோடு ஏக்கருக்கு ஒரு கிலோ மண்ணில் இடுவதும் செலவு குறைந்த வேலை.

அறுவடையை நாள் கணக்கு மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள். நாலைந்து இடத்தில் செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். முக்கால்வாசிக் காய்களின் ஓட்டு உட்புறம் கருமை படர்ந்திருந்தால் அதுதான் சமயம். முன்னால் பிடுங்கினால் சுருங்கல். பின்னால் தள்ளிப்போட்டால் பூசணம். கொத்து ரகங்களில் ஒரு மழை பெய்தால் தரைக்குள்ளேயே முளைவிடும்.

பிடுங்கிய பிறகு நடப்பதில்தான் நம் பக்கம் குறை அதிகம். காய் ஆய ஆள் கிடைக்கவில்லையென்று ஈரச் செடியைப் போராகக் குவித்து இரண்டு மூன்று நாள் விட்டுவிடுகிறோம். போருக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தாங்காது. அந்தச் சூடும் ஈரமும் பூசணத்துக்கு மெத்தை விரித்த மாதிரி. குவிப்பதற்குப் பதில் செடியைத் தலைகீழாகப் புரட்டி, காய் மேலே வெயில் பார்க்கும்படி வரிசையாகப் பரப்பிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பாதி ஈரம் போய்விடும், ஆயவும் எளிது. ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். இரவில் மூடி, பனி படாமல் பார்க்க வேண்டும். பருப்பின் ஈரம் 100-க்கு 8 பங்குக்குக் கீழே வர வேண்டும். கருவி தேவையில்லை. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். கடித்தால் மாவாக நசுங்காமல் மடக்கென்று உடைய வேண்டும்.

அடுத்து, ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். உடைக்கும்போது பருப்பு நொறுங்கக்கூடாதென்று காய்ந்த காயின்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். எடை கூடட்டும் என்று தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் பட்ட பாடு அத்தனையும் அந்த ஒரு குடத் தண்ணீரில் போகிறது. நனைந்த பருப்பை உடனே மூட்டை கட்டினால் சில நாள்களிலேயே நஞ்சு ஏறிவிடும். உடைக்கும் யந்திரத்தின் சல்லடையைக் காயின் பருமனுக்கு ஏற்ப மாற்றிப் போட்டால் நொறுங்கல் குறையும், தண்ணீர் வேண்டியதில்லை.

பூசணம் இல்லாத கடலைக்குத் தனி விலை கொடுக்கும் வியாபாரி நம் ஊர்ப் பக்கம் அரிது. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் நஞ்சு கூடினால் கப்பலோடு திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளூரில் கேட்பார் இல்லை. விலையில் அந்த வேறுபாடு வரும்வரை விவசாயியை மட்டும் குறை சொல்வது சரியாகாது. ஆனால் வீட்டுக்கென்று எடுத்துவைக்கும் கடலையும், சொந்த மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்கும் நம் கையில்தானே இருக்கிறது?

மூட்டையைச் சுவரோரம் சாய்க்காமல் மரப்பலகையின்மேல் அடுக்குங்கள். காயாக வைத்தால் பருப்பாக வைப்பதைவிடப் பத்திரம். பொறுக்கி ஒதுக்கிய பூசணப் பருப்பைச் செக்குக்கும் தொட்டிக்கும் அனுப்பாமல் எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் பூசணம் திரும்ப வயலுக்குத்தான் போகும். விதைக்கு வைக்கும் காயிலும் இதே கண்டிப்பு வேண்டும். பூசணம் ஏறிய விதை முளைத்தாலும், பக்கவேர் பிடிக்காமல் குட்டையாக, வெளிறிய இலையோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட செடிகளை அடுத்த பட்டத்தில் கண்டால் உரம் போதவில்லையென்று யூரியாவைத் தூக்காமல், ஒன்றைப் பிடுங்கி விதையிலையில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.